ஸ்பெயினில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கும் காலத்தில் பழக்கமான ஸ்பானியத் தோழி ஒருத்தி வலென்சியா நகரின் பெனிமக்ளெத் பகுதியில் கணவரோடு குடியிருக்கிறாள். அவள் அம்மா வீடு பக்கத்து ஊரான அல்பொராயாவில். அந்த இரண்டு வீடுகளிலும் தங்கி, அவர்களோடு சந்தைக்குப் போய், அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வந்தவள் நான். அதன்பிறகு ஸ்பெயினுக்குக் கிளம்பும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஓட்டலில் தங்கிச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. ஒரு குடும்பத்தின் நேரத்துக்குத் தங்களை மாற்றிக்கொண்டு வாழப் போகிறவர்களை நினைத்து எழுதியது இது.

நண்பர் வீட்டில் தங்குவதற்கு விசாவில் தனியாக ஏதாவது கேட்பார்களா?

கேட்பார்கள். ஓட்டல் முன்பதிவுக்குப் பதிலாக 'கார்த்தா தே இன்வித்தாசியோன்' என்ற அழைப்புக் கடிதம் வேண்டும். நண்பர் தன் கையால் எழுதித் தரும் கடிதம் செல்லாது. அவர் தன் ஊர் தேசியக் காவல் நிலையத்தில் விண்ணப்பித்து, வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ காட்டி, கட்டணம் கட்டி வாங்கி அனுப்ப வேண்டும். வாரக் கணக்கில் ஆகும் வேலை. ஆகவே நண்பரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான வழக்கமான விதிகள்தான்: 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தங்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9, 10 மணிக்கு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இதைச் சோம்பேறித்தனம் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. கிரீனிச் தீர்க்கரேகை வலென்சியாவுக்குப் பக்கத்திலேயே ஸ்பெயினைக் கடந்து போகிறது. நியாயமாகப் பார்த்தால் லண்டன் நேரம்தான் இருக்க வேண்டும். 1940 மார்ச் மாதம் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. பிறகு அது திரும்பவே இல்லை. கோடைக்கால நேரத்துக்காக இன்னொரு மணி நேரமும் சேர்கிறது. அதனால் கோடையில் வலென்சியாவில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 2 மணி வாக்கில்தான். ஜூன் கடைசியில் பொழுது சாய இரவு ஒன்பதரை ஆகிவிடும். சூரியனை வைத்துப் பார்த்தால் அவர்கள் நம்மைப் போலவே உச்சிப்பொழுதில் சாப்பிடுகிறார்கள், இருட்டியதும் சாப்பிடுகிறார்கள்.

பழகும்வரை பசிக்கும். இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டுத் தூங்கும் வழக்கம் உள்ளவர்கள், மாலை 6 மணி வாக்கில் 'மெரியெந்தா' என்ற சிற்றுண்டி நேரம் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் பள்ளி வாசலிலேயே தாத்தாவோ பாட்டியோ ஒரு ரொட்டித் துண்டை நீட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் விருந்தாளியும் ஏதாவது கொறிக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மாத்திரை போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் மட்டும் தங்கள் நேரத்தை முன்கூட்டியே வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் தட்டு எடுத்து வைத்துவிடுவார்கள்.

காலையில் என்ன கிடைக்கும்? இட்லி தோசை அளவுக்கு வயிறு நிறையுமா?

எழுந்ததும் சாப்பிடுவது மிகக் கொஞ்சம். பால் விட்ட காபி, சுட்ட ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெயும் உப்பும் விட்ட 'தோஸ்தாதா'. அவ்வளவுதான். இதைப் பார்த்துக் கவலைப்பட்டு நாலு ரொட்டி சாப்பிட்டுவிடாதீர்கள். வலென்சியாவில் உண்மையான காலை உணவு 10 மணிக்கு மேல்தான் வரும்.

அதன் பெயர் 'எஸ்மொர்சாரெத்'. விடியலில் வயலுக்குப் போனவர்கள் நடுக்காலையில் உட்கார்ந்து சாப்பிட்ட வழக்கம், இன்று அலுவலகக்காரர், கட்டட வேலையாள், ஓய்வு பெற்ற முதியவர் எல்லோருடையதாகவும் ஆகிவிட்டது. தெருமுனை பாரில் நான்கைந்து மேசைகளை ஒன்றாக இழுத்துப் போடுவார்கள். உட்கார்ந்ததும் ஒரு தட்டில் தோலோடு வறுத்த வேர்க்கடலையும் இன்னொன்றில் ஆலிவ் காய்களும் வரும். அப்புறம் முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி, நடுவில் கீறி உருளைக்கிழங்கு முட்டை அடையோ வறுத்த இறைச்சியோ வைத்தது. கடைசியில் 'கிரெமாயெத்': ரம்மில் சர்க்கரை, எலுமிச்சைத் தோல், பட்டை, காபிக்கொட்டை போட்டுத் தீ மூட்டி எரியவிட்டு, அதன்மேல் காபியை ஊற்றிச் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் தருவார்கள். மது வேண்டாதவர்கள், கெட்டிப்பால் அடியிலும் காபி மேலேயுமாக வரும் 'பொம்போன்' கேளுங்கள். ஒரு அருங்காட்சியகத்தைக் குறைத்துக்கொண்டாவது ஒரு நாள் இந்தச் சாப்பாட்டுக்குப் போய்விடுங்கள். ஊர்க்காரர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை இதைவிட நன்றாகப் பார்க்க வேறு இடம் கிடையாது.

நான் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் 'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடக் கூடாது. பல ஊர்களில் 'இறைச்சி' என்றால் ஒரு துண்டுக் கறி என்றுதான் புரிந்துகொள்வார்கள். இறைச்சி வேண்டாம் என்று சொன்ன பிறகும் பதப்படுத்திய பன்றித்தொடையான 'ஹமோன்' சின்னச் சின்னத் துண்டாக மேலே தூவி வரும். காய்கறி சாலட்டில் சூரை மீன் இருக்கும். அதனால் 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, பன்றித்தொடை, சூரை மூன்றும் இல்லாமல் என்று பொருள். சூப்பும் சோறும் எந்தச் சாற்றில் வெந்தன என்பதையும் கேளுங்கள்.

முட்டை சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. உருளைக்கிழங்கு போட்ட 'தோர்த்தியா' நாடு முழுக்கக் கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்றால் வறுத்த பச்சை மிளகாய் போன்ற 'பிமியெந்தோஸ் தே பத்ரோன்' (காரம் அநேகமாக இருக்காது, எப்போதாவது ஒன்று சுள்ளென்று கடிக்கும்), குளிர்ந்த தக்காளிச் சாறான 'கஸ்பாச்சோ', கத்தரிக்காயும் குடைமிளகாயும் சுட்டு உரித்த 'எஸ்கலிவாதா', செவியாப் பக்கம் போனால் கொண்டைக்கடலை போட்ட கீரை. கொர்தோவாவின் 'சல்மொரேகோ' பார்க்கக் கஸ்பாச்சோ போலவே இருந்தாலும் மேலே முட்டையும் ஹமோனும் தூவித் தருவார்கள், கவனம்.

அல்பொராயாவின் 'ஓர்ச்சாத்தா'வை மறக்காதீர்கள். 'சூஃபா' என்ற கோரை இனத்துச் செடியின் சின்னக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து சர்க்கரை சேர்ப்பார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தாலும் பால் ஒரு துளி கிடையாது. கிழங்கு விளையும் வயல்களைப் பார்த்தபடியே அதைக் குடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பாயேயா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

நேரத்துக்குப் போங்கள். மற்ற விஷயங்களில் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமானால் ஒன்றுமில்லை. பாயேயா என்பது அகலச் சட்டியில் வேகும் சோறு, அது மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது.

தோழியின் அம்மா வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்ட ஆரஞ்சு மரக் கட்டை. அகலமான, ஆழம் குறைந்த இரும்புச் சட்டியை முக்காலியில் வைத்து, எண்ணெய் நடுவில் தேங்கி நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார். சட்டி சாய்ந்திருந்தால் சோறு ஒரு பக்கம் வேகாது. முதலில் கோழியும் முயலும் பொன்னிறமாக வறுபடும். அதற்கு மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் செலவிடுவார். பிறகு தட்டைப் பச்சை பீன்ஸ், 'கர்ரொஃபோ' என்ற பெரிய வெள்ளை அவரை, துருவிய தக்காளி, சிவப்பு மிளகாய்த்தூள், உடனே தண்ணீர், குங்குமப்பூ. சாறு இறங்கிய பிறகுதான் அரிசி, நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி விளையும் குண்டு ரகம். அரிசியைப் பரப்பிய பிறகு கரண்டி போடவே கூடாது. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகும். கடைசியில் தீயை ஏற்றிவிட்டுக் காதைச் சட்டிப் பக்கம் சாய்த்து, படபடவென்று பொரியும் சத்தத்தைக் கேட்பார். அடியில் காந்தல் பிடிக்கிறது என்று அர்த்தம். 'சொக்கர்ராத்' என்ற அந்தக் காந்தலுக்குத்தான் வீட்டில் போட்டி.

சட்டி அப்படியே மேசை நடுவுக்கு வரும். ஆளுக்கொரு மரக்கரண்டி. உங்களுக்கு நேராக இருக்கும் பகுதியை மட்டும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட வேண்டும், பக்கத்து ஆள் எல்லைக்குள் போகக் கூடாது. பிடிக்காத துண்டை நடுவில் ஒதுக்கிவிடலாம். சைவக்காரர் என்று முன்பே சொல்லியிருந்தால் கூனைப்பூவும் (ஆர்ட்டிசோக்) பீன்ஸும் போட்டுச் சின்னச் சட்டியில் தனியாகச் செய்து தருவார்கள். எனக்கு அப்படித்தான் செய்தார் அம்மா. அவருக்கு அது கூடுதல் வேலை என்ற எண்ணமே இல்லை. இன்னொன்று: பாயேயாவை இரவில் கேட்காதீர்கள். அது மதியச் சாப்பாடு.

சாப்பிட்டு முடித்தும் யாரும் எழுந்திருப்பதில்லையே, ஏன்?

அந்த நேரத்துக்கு 'சோப்ரெமேசா' என்று பெயர். தட்டுகள் போய்விடும், பழமும் காபியும் வரும், பேச்சு நடக்கும். வீட்டு விசேஷம், கால்பந்து, அரசியல், பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலி எல்லாம் அங்கேதான். ஞாயிறன்று மாலை 6 மணி வரைகூடப் போகும். கைபேசியை எடுக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் விருந்தாளி செய்யக்கூடிய பெரிய மரியாதை. மொழி முழுதாகப் புரியாவிட்டாலும் உட்காருங்கள். அன்று மாலைக்கு நுழைவுச் சீட்டு எதுவும் வாங்கி வைக்காதீர்கள்.

எல்லோரும் மதியம் தூங்குவார்களா?

இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு நேரம் எங்கே? சின்னக் கடைகள் 2 மணியிலிருந்து 5 மணி வரை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் கிராமத்துக்குப் போனால் அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. நீங்களும் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

வீட்டுக்குள் என்னென்ன கவனிக்க வேண்டும்?

செருப்பில் தொடங்குவோம். வெளியே போட்ட காலணியோடு உள்ளே வருவது அங்கே சாதாரணம். நாம் வாசலில் கழற்றினால் மகிழ்ச்சிதான், ஆனால் வெறுங்காலோடு தரையில் நடப்பதைப் பார்த்தால் பெரியவர்கள் பதறிப்போவார்கள், சளி பிடிக்கும் என்று. வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துப் போனால் இரு தரப்புக்கும் நிம்மதி.

ஜன்னலில் 'பெர்சியானா' என்ற சுருட்டுக் கதவு இருக்கும். பட்டையை இழுத்தால் அறை கும்மிருட்டாகிவிடும். கோடையில் காலையிலேயே அதை இறக்கி வெயிலைத் தடுத்து, இரவில் ஏற்றிக் காற்றை உள்ளே விடுவார்கள். வெளிச்சம் வேண்டுமென்று மதியம் ஏற்றிவிட்டால் வீடு முழுக்கச் சூடாகும்.

மின்சாரம் முக்கியம். ஒவ்வொரு வீடும் இத்தனை கிலோவாட் என்று ஒப்பந்தம் போட்டிருக்கும். குளிர்சாதனம், ஓவன் அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் மூன்றும் ஒன்றாக ஓடினால் மொத்த வீடும் அணைந்துவிடும். வாசல் பக்கத்துப் பெட்டியில் விசையைத் திரும்ப ஏற்ற வேண்டும். 2021 ஜூன் முதல் பல வீடுகளுக்கு நேரத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறுகிறது. வாரநாட்களில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் விலை உச்சம். நள்ளிரவிலிருந்து காலை 8 மணி வரையும் சனி ஞாயிறு முழுவதும் மலிவு. துணி துவைக்க வேண்டுமானால் நீங்களாகப் பொத்தானை அழுத்தாமல் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

துணி காயப்போடும் கொடி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவே உள்ள வெளிச்ச முற்றத்தில் கப்பியில் ஓடும். ஜன்னலிலிருந்து கயிற்றை இழுத்து இழுத்து மாட்ட வேண்டும். சேலையும் வேட்டியும் கீழ் வீட்டு ஜன்னல் வரை தொங்கிவிடும், நாலாக மடித்துப் போடுங்கள். அந்த முற்றம் ஒலியை நன்றாகக் கடத்தும். நான்காம் மாடியில் பூண்டு வதங்கும் வாசனையும் இரண்டாம் மாடித் தொலைக்காட்சிச் செய்தியும் எல்லா வீட்டுக்கும் பொது.

நம் சமையல் செய்து தரலாமா? என்ன கொண்டு போகலாம்?

செய்து தாருங்கள், ஆசையோடு சாப்பிடுவார்கள். ஆனால் காரத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், ஸ்பானியச் சமையலில் காரம் மிகக் குறைவு. எலுமிச்சைச் சாதமும் பருப்பு வடையும் தோழி வீட்டில் நன்றாகப் போணியாயின. பல வீடுகளில் மின்தூண்டல் அடுப்பு, நம் அலுமினிய இட்லிப் பானை அதில் சூடாகாது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் எடுத்துப்போக அனுமதி இல்லை. அதனால் நெய், பால்கோவா, பால் இனிப்புகள் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். கடலை மிட்டாய், எண்ணெயில் சுட்ட முறுக்கு, மசாலாப் பொடி, காபித்தூள் பிரச்சினை இல்லை. பரிசைக் கொடுத்ததும் உங்கள் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பார்கள், அதுதான் அங்கே மரியாதை.

புதிதாகப் பார்ப்பவர்களிடம் எப்படி வணக்கம் சொல்வது?

பெண்களோடு பழகும்போது இரண்டு கன்னத்திலும் கன்னம் ஒட்டுவது வழக்கம், ஆண்களுக்குள் கைகுலுக்கல் அல்லது தோளில் தட்டுதல். கூச்சமாக இருந்தால் கையை நீட்டிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். வயதானவர்களையும் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். தோழியின் அம்மாவைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நா எழவில்லை. 'அம்மா' என்றே கூப்பிட்டேன், அவரும் திரும்பிப் பார்த்தார்.

லிப்டில் நுழைந்தால் 'ஓலா', இறங்கும்போது 'அஸ்தா லுவேகோ'. யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையைக் கடந்தால் முன்பின் தெரியாதவர் என்றாலும் 'கே அப்ரொவேச்சே' என்று நன்றாகச் சாப்பிட வாழ்த்திவிட்டுப் போவார்கள். நீங்களும் சொல்லுங்கள்.

சந்தையில் வரிசையே இல்லையே, யார் முன்னால் என்று எப்படித் தெரியும்?

வரிசை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கடை முன் வந்ததும் 'கியென் எஸ் எல் உல்திமோ?' என்று, அதாவது கடைசி ஆள் யார் என்று, கூட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்கு அடுத்து நீங்கள். அப்புறம் எங்கே நின்றாலும் சரி. பழத்தை நீங்களே கையால் பொறுக்காதீர்கள், எடுத்துத் தரச் சொல்லுங்கள். வலென்சியாவின் 1928ஆம் ஆண்டு மத்தியச் சந்தை இரும்பும் ஓடுமாகக் கண்ணைப் பறிக்கும் கட்டடம். மதியம் 3 மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

வெளியே சாப்பிட்டால் யார் பணம் தருவது?

காபி, சிற்றுண்டி என்றால் ஒருவர் மொத்தமாகக் கொடுப்பார், அடுத்த இடத்தில் இன்னொருவர். எல்லாச் சுற்றிலும் ஒதுங்கி நின்றால் கவனிப்பார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள். பெரிய கூட்டமாகச் சாப்பிட்டால் சமமாகப் பிரித்து 'பிசூம்' என்ற கைபேசி வழியில் அனுப்பிக்கொள்வார்கள். நம் யூபிஐ போன்றதுதான், ஆனால் ஸ்பானிய வங்கிக் கணக்கு வேண்டும். சில்லறை ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானிஷ் தெரியாமல் முடியுமா?

இளையவர்களிடம் ஆங்கிலம் ஓரளவு செல்லும், பெரியவர்களிடம் செல்லாது. வலென்சியாவில் வலென்சியன் மொழியும் உண்டு, தெருப் பலகைகளிலும் பள்ளிகளிலும் வீடுகளிலும் அது வாழ்கிறது. 'போன் தியா' என்று அந்த மொழியில் காலை வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

மாலையில் என்ன செய்வார்கள்?

வெளியே இருப்பார்கள். நண்பர்களைச் சந்திப்பது சதுக்கத்திலும் பாரிலும்தான், வீட்டுக்குள் கூப்பிடுவது நெருங்கியவர்களை மட்டும். இரவு 11 மணிக்கும் சதுக்கத்தில் பந்து உருளும், பெற்றோர் பக்கத்து மேசையில் இருப்பார்கள். கைத்தடியோடு வரும் முதியவர்களுக்குப் பெஞ்சில் இடம் நிரந்தரம். முதுமையில் இப்படித் தெருவும் பேச்சும் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று ஒவ்வொரு மாலையும் நினைத்துக்கொள்வேன்.

கிராமங்களில் கோடை இரவில் நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டுக் காற்று வாங்குவார்கள், நம் திண்ணைப் பேச்சு மாதிரியே. காதிஸ் மாகாணத்தின் அல்கார் என்ற சிற்றூர், இந்த வழக்கத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வேண்டும் என்று 2021இல் முயற்சி தொடங்கியது.

2024 வெள்ளத்தைப் பற்றி அவர்களிடம் கேட்கலாமா?

நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் பேசினால் முழுதாகக் கேளுங்கள். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றை நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டதால் நகரத்தின் பெரும்பகுதி தப்பியது. பழைய ஆற்றுப்படுகையில் நெடுஞ்சாலை போட அரசு நினைத்தபோது பசுமைதான் வேண்டும் என்று மக்கள் போராடினார்கள், அதனால்தான் இன்று அங்கே பூங்கா இருக்கிறது. ஆனால் புதிய ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பய்போர்த்தா, கத்தர்ரோக்கா போன்ற ஊர்கள் போயோ ஓடை வெள்ளத்தில் மூழ்கின. கைபேசி எச்சரிக்கை இரவு 8 மணிக்குப் பிறகு வந்தது. அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் ஏறிவிட்டது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் துடைப்பமும் மண்வெட்டியுமாகப் பாலத்தைக் கடந்து நடந்தே போனார்கள். அந்தப் பாலத்தைக் காட்டும்போது தோழி அதிகம் பேசவில்லை.

எந்த மாதம் போனால் வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு குறைவு?

ஆகஸ்டில் நகரமே காலியாகிவிடும். கடைக் கதவில் விடுமுறைக் காகிதம் ஒட்டியிருக்கும், நண்பர்களும் கடற்கரைக்கோ சொந்தக் கிராமத்துக்கோ போயிருப்பார்கள். கூடவே கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். மார்ச் 15 முதல் 19 வரை 'ஃபாயாஸ்' திருவிழா. வீட்டில் சொந்தக்காரர் கூட்டம் இருக்கும், மாதக் கணக்கில் முன்பே சொல்லிவைக்க வேண்டும். மார்ச் 1 முதலே நகராட்சிச் சதுக்கத்தில் தினமும் மதியம் 2 மணிக்கு வெடிச்சரம் அதிரும். சத்தம் ஒத்துக்கொள்ளாதவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் மே மாதம் வருவது நல்லது.